"இங்க ஒரு கையெழுத்து போடுங்க!" - நாம் 'பெரியவர்' ஆவது எந்த நாளில்?

நள்ளிரவு தாண்டி 2 மணி. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. அப்பாவை ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுபோய் இருபது நிமிடம் ஆகியிருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த நர்ஸ், கையில் சில தாள்களுடன் கேட்டார்... "பேஷன்ட் கூட வந்த பெரியவங்க யாரு?"

அந்த 26 வயது இளைஞர் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. காலி நாற்காலிகள், ஒரு தண்ணீர் கேன், கை கழுவுவது எப்படி என்று விளக்கும் படம் ஒட்டிய சுவர். பக்கத்தில் அம்மா மட்டும். அம்மா நர்ஸைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருதுநகரில் இருக்கும் மாமாவுக்கு மூன்று முறை போன் போட்டாயிற்று. எடுக்கவில்லை. சித்தப்பா வந்து சேர விடிந்துவிடும்.

"ஆஞ்சியோ பண்ணணும் சார். அடைப்பு இருந்தா உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டி வரும். படிச்சுப் பார்த்துட்டு இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

படித்தார். எழுத்துகள் கண்ணில் பட்டன, மனதில் ஒன்றும் ஏறவில்லை. அதுவரை அவர் போட்ட முக்கியமான கையெழுத்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். செமஸ்டர் தேர்வில் விடைத்தாளின் முதல் பக்கம், வேலையில் சேர்ந்தபோது வந்த ஆஃபர் லெட்டர், கூரியர் கொண்டுவந்தவர் நீட்டிய செல்போனில் விரலால் கிறுக்கியது... அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் அவருடைய ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டவர், இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் அரை மயக்கத்தில் படுத்திருக்கிறார்.

போட்டார். கை நடுங்கியதில் அது அவருடைய வழக்கமான கையெழுத்து மாதிரியே இல்லை.

"ஓட்டு போட்டிருக்கேன், லைசென்ஸ் வாங்கியிருக்கேன், மூணு வருஷமா சம்பளம் வாங்குறேன். ஆனா, நான் பெரியவன் ஆனது அந்த ராத்திரிதான்" என்பார் அவர், பிறகு யாராவது அதைப் பற்றிக் கேட்டால்.

யோசித்துப் பார்த்தால், நம் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு நாள் இருக்கும். சிலருக்கு 16 வயதிலேயே வந்திருக்கும். சிலர் 40 வயதிலும் அதற்காகக் காத்திருப்பார்கள். பிறந்தநாள் கேக்கில் எத்தனை மெழுகுவத்தி என்பதற்கும் அந்த நாளுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

சட்டத்துக்கே ஒரே வயது இல்லை

'18 வயசு ஆனா மேஜர்' என்று எல்லோருக்கும் தெரியும். 1875-ம் ஆண்டின் இந்திய வயது வரம்புச் சட்டத்திலிருந்து வரும் கணக்கு அது. 18 முடிந்தால் சொந்தமாக ஒப்பந்தம் போடலாம், சொத்தை விற்கலாம், வாங்கலாம். ஆனால், சட்டப் புத்தகங்களைக் கொஞ்சம் புரட்டினால் 'பெரியவர்' என்பதற்குப் பல வயதுகள் கிடைக்கின்றன.

10 வயது நிறைந்த குழந்தை, வங்கி வைத்திருக்கும் வரம்புக்குள் தன் சேமிப்புக் கணக்கைத் தானே இயக்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் தருகின்றன. 16 வயதில், பெற்றோர் சம்மதத்துடன், 50 சி.சி-க்கு மிகாத கியர் இல்லாத வண்டிக்கு லைசென்ஸ் வாங்கலாம். பெண்ணுக்குத் திருமண வயது 18, ஆணுக்கு 21. உள்ளாட்சித் தேர்தலில் நிற்க 21. எம்.எல்.ஏ., லோக்சபா எம்.பி ஆக 25. ராஜ்ய சபாவுக்கு 30. குடியரசுத் தலைவர் ஆக 35.

வாக்களிக்கும் வயதுகூட முன்பு 21 ஆகத்தான் இருந்தது. அரசியலமைப்பின் 61-வது திருத்தம் மூலம் அது 18 ஆகக் குறைக்கப்பட்டு, 1989 மார்ச் 28-ல் நடைமுறைக்கு வந்தது. அதாவது, இன்று தாத்தா, பாட்டியாக இருக்கும் பலர் 20 வயதில் குழந்தையைக் கையில் வைத்திருந்தபோதும், ஓட்டுப் போடும் அளவுக்குப் 'பெரியவர்'களாக இல்லை!

வாக்குச்சாவடிக்கு ஒரு வயது, மண மேடைக்கு ஒரு வயது, வண்டிக்கு ஒரு வயது. எந்த வேலைக்கு எவ்வளவு முதிர்ச்சி தேவை என்பதைப் பொறுத்துத்தான் சட்டம் கோடு போடுகிறது. மனசுக்குள் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதை எந்தச் சட்டமும் சொல்வதில்லை.

பழைய கணக்கில் 30 வரை 'விடலை'

மருத்துவம் என்ன சொல்கிறது? திட்டமிடுதல், அவசரத்தை அடக்குதல், பின்விளைவை யோசித்தல் போன்றவற்றைக் கவனிக்கும் மூளையின் முன்பகுதி, முழுமையாக முதிரும் கடைசிப் பகுதிகளில் ஒன்று. இருபதுகளின் நடுப்பகுதி வரையிலும் அந்த வேலை தொடர்கிறது. அதற்காக 25-வது பிறந்தநாள் அன்று காலையில் யாருக்கும் ஞானம் வந்துவிடாது. அது ஆளுக்கு ஆள் மாறும், மெதுவாக நடக்கும் வளர்ச்சி.

அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட், 18 முதல் 25 வரையிலான வயதுக்கு 2000-ம் ஆண்டில் ஒரு தனிப் பெயரே வைத்தார். 'எமர்ஜிங் அடல்ட்ஹுட்', அதாவது முதிர்ந்துகொண்டிருக்கும் பருவம். சிறுவரும் இல்லை, பெரியவரும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஊசலாடும் வயது. 'எப்போது நீங்கள் பெரியவர்?' என்று அங்குள்ள இளைஞர்களைக் கேட்டபோது, கல்யாணமோ, படிப்பு முடிவதோ முதலிடம் பிடிக்கவில்லை. தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்பது, தானாக முடிவெடுப்பது, சொந்தக் காசில் வாழ்வது. இந்த மூன்றுதான் முன்னால் வந்தன.

நம் வீடுகளுக்கு இந்த மூன்றையும் அப்படியே பொருத்த முடியுமா என்பது சந்தேகம்தான். இங்கே 'தானாக முடிவெடுத்தால்' அதற்குப் பெயர், 'பெரியவங்க பேச்சைக் கேட்கலை'. 'சொந்தக் காசில் தனியாக வாழ்ந்தால்', 'குடும்பத்தைக் கழட்டி விட்டுட்டான்'. நம் ஊர் அளவுகோலுக்கு வேறு ஒரு சொல் இருக்கிறது: தலையெடுப்பது. "பையன் தலையெடுத்துட்டான், இனி கவலை இல்லை" என்று அக்கம்பக்கம் சொல்வது, அவன் தனியாகப் போய்விட்டதற்காக அல்ல. தங்கையின் காலேஜ் ஃபீஸையும், அடகில் இருக்கும் அம்மாவின் வளையலையும் அவன் தன் கணக்கில் எழுதிக்கொண்டதற்காக.

இந்த இரண்டுங்கெட்டான் வயது தமிழுக்குப் புதிதும் இல்லை. பாட்டியல் நூல்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பருவங்களை வயது வாரியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. பெண்ணுக்குப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு. ஆணுக்கு பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன். அதில் ஒரு கணக்கின்படி, 'விடலை' என்பது 30 வயது வரை நீள்கிறது! 28 வயது மகன் ஞாயிற்றுக்கிழமை 11 மணி வரை தூங்குவதைப் பார்த்துப் புலம்பும் அம்மாக்கள் கொஞ்சம் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

'பெரிய மனுஷி'யின் கையெழுத்து

பெண்களுக்கு இந்தக் கதை வேறு மாதிரி. ஒரு பெண் பருவம் அடைந்த அன்றே 'பெரிய மனுஷி' ஆகிவிட்டாள் என்று ஊருக்கே சொல்லிவிடுகிறோம். தாய்மாமன் சீர், மஞ்சள் நீராட்டு, மண்டபம், ஃபிளெக்ஸ் பேனர் வரை. 12, 13 வயதில் இவ்வளவு ஆரவாரமாகப் பெரியவளாக்கப்பட்டவள், 28 வயதில் தனியாக ஒரு ஊருக்குப் போக வேண்டும் என்றால் நான்கு பேரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

சென்னை ஓ.எம்.ஆரில் ஐ.டி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண் அவர். வயது 28. ஐந்து வருடமாகச் சம்பளத்தில் பாதி வீட்டுக்கு. அப்பாவுக்கு ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம்தான் என்பதால், வீடு வாங்க அவர் கேட்ட தொகைக்கு வங்கி யோசித்தது. "பொண்ணு நல்லா சம்பாதிக்குதே, கோ-அப்ளிகன்ட்டா சேர்த்துடுங்க" என்று யோசனை சொன்னார் வங்கிக்காரர். வீடு எந்த ஏரியாவில், எத்தனை பெட்ரூம், யார் பெயரில் என்பதெல்லாம் அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. அவரிடம் வந்தது, கடைசிப் பக்கம் மட்டும்.

"இங்க, இங்க, அப்புறம் இங்க. மூணு கையெழுத்து போடும்மா."

"வீடு யார் பேர்லப்பா பதியிறோம்?"

"என் பேர்லதான். எனக்கு அப்புறம் தம்பிக்கு. நீ கல்யாணம் ஆகிப் போறவதானே..."

அவர் பேனாவை மேஜை மேல் வைத்தார். சத்தம் போடவில்லை, அழவில்லை. "20 வருஷக் கடன்ல என் பேர் இருக்குன்னா, பத்திரத்துலயும் என் பேர் இருக்கணும்ப்பா. இல்லைன்னா நான் கையெழுத்து போடலை" என்றார்.

பத்து நாள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. அம்மா இரண்டு பக்கமும் தூது போனார். "பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ கணக்கு ஆகாது" என்று அத்தை ஒருவர் போனில் சொன்னது காதில் விழுந்தது. பதினோராவது நாள் அப்பா, பத்திர எழுத்தரிடம் இரண்டு பெயராக எழுதச் சொன்னார். "நீ கேட்ட விதம்தான் எனக்குப் பிடிக்கலை. கேட்டது தப்புன்னு சொல்லலை" என்றார்.

சிலர் கையெழுத்துப் போட்ட நாளில் பெரியவராகிறார்கள். அவர், கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்ன நாளில் ஆனார்.

அவர் கேட்டதில் நியாயம் மட்டும் அல்ல, கணக்கும் இருந்தது. கூட்டுக் கடனில் கையெழுத்துப் போட்டவர், வீட்டில் பங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முழுக் கடனுக்கும் பொறுப்பு. வீட்டுக் கடனுக்கான வருமான வரிச் சலுகையைக் கேட்க வேண்டுமென்றால், கடனில் பெயர் இருந்தால் போதாது, சொத்திலும் உரிமை இருக்க வேண்டும். தமிழ்நாட்டில், பரம்பரைச் சொத்தில் மகனுக்கு இணையாக மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்ற சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு முன்பே திருமணமான மகள்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ல் நாடு முழுவதற்குமான திருத்தம் வந்தது. ஆனால், அப்பா சொந்தமாக வாங்கும் வீட்டை அவர் விருப்பப்படி யாருக்கும் எழுதிவைக்கலாம். அதனால்தான் பத்திரத்தில் இருக்கும் பெயர் முக்கியமாகிறது.

பொறுப்பை மட்டும் தந்து முடிவைத் தராமல் வைத்திருந்தால், அவர்களை நாம் பெரியவர்களாக நடத்தவில்லை. சம்பாதிக்கும் பிள்ளைகளாக நடத்துகிறோம், அவ்வளவே.

மொய் நோட்டில் ஏறும் பெயர்

எல்லோருக்கும் இந்த நாள் இவ்வளவு பெரிதாக வருவதில்லை. சிலருக்குச் சில்லறையாக வருகிறது.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுச் சிறுவன் முதன்முறையாக "அங்கிள், கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்கிறபோது. ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேனைப் பார்த்ததும் கை தானாக சுவிட்சுக்குப் போய், "கரன்ட் பில்லு யாரு கட்டுறது?" என்று அப்பாவின் குரலிலேயே வாய் பேசுகிறபோது. காய்ச்சல் வந்த ராத்திரியில், மாத்திரையும் வெந்நீரும் நாமே எடுத்துப் போட்டுக்கொண்டு, காலையில் அம்மா போன் செய்தால் "நல்லா இருக்கேன்மா" என்கிறபோது.

தென் மாவட்டங்களில் இதற்கு ஒரு அத்தாட்சியே உண்டு. மொய் நோட்டு. கல்யாணமோ, காதுகுத்தோ, வசந்த விழாவோ, வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர் ஊரைக் கேட்பார், பெயரைக் கேட்பார், தொகையை எழுதுவார். அதுவரை அப்பா பெயரில்தான் மொய். நாம் கவரைக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள் மட்டும். ஒருநாள் அப்பா, "இந்தத் தடவை உன் பேர்லயே எழுதிட்டு வந்துரு" என்பார். நோட்டில் நம் பெயர் ஏறுகிறது. நாளை நம் வீட்டு விசேஷத்துக்கு அந்த வீட்டிலிருந்து திரும்பி வர வேண்டிய கணக்கு அது. அந்த ஒரு வரியோடு, ஊருக்குள் நாமும் ஒரு தனி வீட்டுக்காரர்.

ரேஷன் கார்டும் அப்படித்தான். கல்யாணமானவர்கள் புதுக் கார்டு வாங்க, முதலில் அப்பா வீட்டுக் கார்டிலிருந்து பெயரை நீக்க வேண்டும். ஆன்லைனில் சில நிமிட வேலைதான். ஆனாலும் 'உறுப்பினர் நீக்கம்' என்ற அந்த வார்த்தையைப் பார்த்துவிட்டு, பட்டனை அழுத்தாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்த மகள்கள் எத்தனையோ பேர்.

52 வயதில் ஒரு ஆரம்பம்

பெரியவராவது இளைஞர்களின் பிரச்னை மட்டும்தானா? கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் அந்த அம்மாவுக்கு 52 வயது. இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, கல்யாணமும் செய்து வைத்தவர். கணவர் இருந்தவரை வங்கி, இன்ஷூரன்ஸ், பத்திரப்பதிவு என எல்லா இடத்திலும் அவர் கையெழுத்தும் இருக்கும். கணவர் பென்சிலால் சின்னதாக ஓர் 'இன்டு' குறி போட்டுக் கொடுப்பார். அந்த இடத்தில் இவர் கையெழுத்துப் போடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டதில்லை. கணவரும் மறைத்ததில்லை, சொன்னதும் இல்லை.

கணவர் திடீரென்று போனபிறகு, காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய வீட்டில், பீரோவைத் திறந்தால் ஒரே காகிதமாக இருந்தது. எது முதிர்ந்த பாலிசி, எது ஓடுகிற பாலிசி என்று தெரியவில்லை. எந்த வங்கியில் எவ்வளவு என்று தெரியவில்லை. இறப்புச் சான்றிதழ், தாலுகா அலுவலகத்தின் வாரிசுச் சான்றிதழ், வங்கியில் நாமினி படிவம் என்று இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் நடந்த மூன்று மாதங்களில், அவர் போட்ட கையெழுத்துகளுக்குக் கணக்கே இல்லை. குறி போட்டுக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

கடைசியில் இன்ஷூரன்ஸ் பணம் கணக்கில் ஏறியது. வங்கியில் இருந்த இளம் அதிகாரி கேட்டார். "எத்தனை வருஷத்துக்கு டெபாசிட் போடலாம்மா?"

பழக்கத்தில் அவர் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். காலியாக இருந்தது.

"ஒரு நாள் டைம் குடுங்க தம்பி. யோசிச்சுச் சொல்றேன்."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது. 'யோசிச்சுச் சொல்றேன்' என்று வாழ்க்கையில் முதன்முறையாக யாரிடமோ சொல்லியிருக்கிறார். மறுநாள் போய், பணத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஒரு வருடத்துக்கும் மற்றதை மூன்று வருடத்துக்கும் போட்டுவிட்டு வந்தார். பெங்களூரில் இருக்கும் மகள் போனில் பதறினாள்.

"என்னம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம போட்டுட்டே!"

"கேட்டிருந்தா நீ சொல்றதைத்தான் போட்டிருப்பேன்டி" என்றார் அம்மா.

மகள் சிரித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த வாக்கியத்தின் கனம் புரிந்தது. அப்பாவின் பென்சில் குறியை, தெரியாமலேயே தான் எடுத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறோம் என்று.

பெரியவர்களுக்கும் பயம்தான்!

மதுரைக்குத் திரும்புவோம். இரண்டு அடைப்பு. ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள், இன்னொன்றுக்கு மாத்திரை போதும் என்றார்கள். மூன்றாம் நாள் அப்பா வார்டுக்கு மாற்றப்பட்டார். இட்லி உப்பு இல்லாமல் இருக்கிறது என்று குறை சொல்லும் அளவுக்குத் தெளிந்துவிட்டார். அம்மா தூங்கிய நேரத்தில் மகன் மெதுவாகக் கேட்டார்.

"அப்பா, தாத்தாவை ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப நீங்கதானே எல்லாம் பார்த்தீங்க. உங்களுக்குப் பயமா இல்லையா?"

அப்பா கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "பயம் இல்லாமயாடா? நீ சின்னப் பையன், என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன. டீ வாங்கிட்டு வர்றேன்னு உன்னை அம்மாகிட்ட விட்டுட்டு, வெளிய சைக்கிள் ஸ்டாண்டுல போய் நின்னேன். கால் நடுக்கம் நின்னதும் உள்ள வந்தேன்."

"டீ வாங்கிட்டு வந்தீங்களே, ஞாபகம் இருக்கு."

"அதான், டீ இல்லாம வந்தா கேட்பீங்களே."

மகனுக்கு அன்றைய அப்பா, எல்லாம் தெரிந்த மனிதராகத்தான் ஞாபகத்தில் இருந்தார். எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும், யாரிடம் பணம் கேட்க வேண்டும், எப்போது அழக் கூடாது என்று எல்லாமே தெரிந்தவர். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால், அன்றைக்கு அப்பாவுக்கு வயது 33.

பெரியவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், நமக்கு இன்னும் அந்தத் தெளிவு வரவில்லை, அதனால் நாம் இன்னும் பெரியவர் ஆகவில்லை. இப்படித்தான் பலரும் காத்திருக்கிறார்கள். அந்தத் தெளிவு யாருக்கும் முழுதாக வந்ததே இல்லை. தெரியாவிட்டாலும், பயந்தாலும், கேட்கிறவர் முன்னால் போய் நிற்பதுதான் அவர்கள் செய்தது. டீ வாங்கப் போகும் சாக்கு ஒவ்வொரு பெரியவருக்கும் தேவைப்பட்டிருக்கிறது.

பேனாவை எப்போது கொடுப்பது?

அந்தப் பேனா ஒருநாள் எப்படியும் பிள்ளைகள் கைக்கு வரத்தான் போகிறது. அது நள்ளிரவு மருத்துவமனையில்தான் வர வேண்டுமா, வீட்டுக் கூடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வரலாமா என்பது பெற்றோர் கையில் இருக்கிறது.

பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கூடவே வங்கிக்கு அழைத்துப்போய், பணம் செலுத்தும் சலானை எழுத வைக்கலாம். தப்பாக எழுதினால் இன்னொரு சலான். அதோடு போயிற்று. 18 முடிந்ததும், மைனராகத் தொடங்கிய வங்கிக் கணக்குக்குப் புதிய மாதிரிக் கையெழுத்து கொடுக்க வேண்டும். சின்ன வயதில் வாங்கிய பான் கார்டு இருந்தால் அதிலும் புகைப்படம், கையெழுத்து சேர்க்க வேண்டும். "நான் பார்த்துக்கறேன்" என்று அப்பாக்களே ஓடாமல், இந்தப் படிவங்களைப் பிள்ளைகளையே நிரப்ப விடலாம்.

முதல் சம்பளம் வந்ததும், 'வீட்டுக்கு எவ்வளவு தருவே?' என்று கேட்கிறோம். அதற்கு முன்பு வீட்டின் கணக்கைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். எவ்வளவு வருகிறது, என்ன சீட்டு ஓடுகிறது, எந்த நகை அடகில் இருக்கிறது, யாருக்குக் கடன் பாக்கி. கஷ்டம் தெரியாமல் வளர்க்க நினைப்பது பாசம்தான். ஆனால், கணக்கே தெரியாமல் வளர்ந்தவர் முன்னால் ஒருநாள் பீரோ திறக்கும்போது, அந்தப் பாசம் உதவிக்கு வராது.

எல்லாக் காகிதங்களுக்கும் ஒரே ஃபைல். பாலிசி, பத்திரம், பாஸ்புக், லாக்கர் விவரம், யார் நாமினி என்பது வரை. வங்கி டெபாசிட்டுகளுக்கு நான்கு பேர் வரை நாமினி வைத்துக்கொள்ளலாம் என்ற வசதி 2025 நவம்பர் 1 முதல் இருக்கிறது. நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து பெறுபவர்தான்; வாரிசுரிமை வேறு என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். குடும்பத்துக்கான ஹெல்த் இன்ஷூரன்ஸ் பலவற்றில், பிள்ளைகளுக்கு 25 வயதோடு இடம் முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டியவர்கள் தனி பாலிசி எடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பதும் இந்த வரிசையில் வரும். அந்த ஃபைலை மகனுக்கும் மகளுக்கும் காட்டுவதோடு நிற்காமல், மனைவிக்கும் காட்ட வேண்டும். பென்சில் குறி போடாமல்.

கடைசியாக, முடிவெடுக்கும் உரிமை. எந்தப் படிப்பு, எந்த வேலை, யாரோடு கல்யாணம் என்று வரும்போது கருத்துச் சொல்லலாம், எச்சரிக்கலாம். கையைப் பிடித்து எழுதவைக்கக் கூடாது. "தப்பா முடிவெடுத்துட்டா?" என்ற பயம் நியாயமானது. இரண்டாயிரம் ரூபாயில் செய்த தப்பு, இருபது லட்சத்தில் செய்யவிருந்த தப்பைத் தடுத்துவிடும். 'தோளுக்கு மிஞ்சினால் தோழன்' என்று சொல்லிவைத்தவர்கள், தோழன் நம்மிடம் யோசனை கேட்பான், அனுமதி கேட்க மாட்டான் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ். மாமா விருதுநகரிலிருந்து வந்துவிட்டார். அன்று ராத்திரி போன் சைலன்ட்டில் இருந்ததைப் பத்தாவது முறையாகச் சொல்லி வருத்தப்பட்டார். பில் கவுன்ட்டரில் இருந்தவர், டிஸ்சார்ஜ் படிவத்தை நீட்டி, "ஒரு சைன் போட்டுடுங்க" என்றார். மகன் அந்தத் தாளை, சக்கர நாற்காலியில் இருந்த அப்பாவிடம் கொடுத்தார். இனி அவரே போடலாமே.

அப்பா தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"கண்ணாடியை எங்க வச்சேன்னு தெரியலைப்பா. நீயே போட்டுரு."

கண்ணாடி அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. மகன் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.